இருமாத காசம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசனை. நான் வழக்கமாக எழுதுவது பழைய மருந்துகளின் பூர்வீகம், மில் காலத்து அகமதாபாத், எப்போதாவது ஒரு சமையல் குறிப்பு. இந்த முறை கருப்பை, மாதவிலக்கு, பிள்ளைப்பேறு என்றெல்லாம் வரும். கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதையும் வரும். ஆண்கள் இந்த இடத்திலேயே நழுவிவிடாதீர்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது எதிர் வீட்டு அக்கா. மணிநகரில் எங்கள் அடுக்ககத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். அக்காவின் மாமனார் வேலூர்ப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர். மில்கள் மூடிப் பல வருஷம் ஆகியும் குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. மகனுக்கு மட்டும் ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு அக்கா கையில் மாத்திரை அட்டையோடு வந்து நின்றார்.

"ஏம்மா, நீ மருந்துக் கம்பெனியிலதான வேலை பாக்கற? இது இன்னா மருந்துன்னு பாத்து சொல்லேன்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரிஃபாம்பிசின் சேர்ந்த கூட்டு மாத்திரை. எங்கள் தரக்கட்டுப்பாட்டு லேபில் அந்தச் செங்கல் நிறப் பொடியை எடை போட்டால் மேஜை, கோட்டு, கையுறை எல்லாம் சிவந்துவிடும். "இது டி.பி. மருந்துக்கா" என்றேன்.

"அதான் டாக்டரும் சொல்றாரு. பொண்ணுக்கு ஒரு இருமல் இல்ல, சளி இல்ல, ஜுரம் இல்ல. கொழந்த இல்லன்னு போனா டி.பி.ன்றாங்க. கர்ப்பப்பையில எங்கயாவது டி.பி. வருமா? காசு புடுங்கறாங்களா?"

"வரும்க்கா. எங்க அத்தைக்கு வந்தது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

*

பெரிய அத்தை 1938இல் பிறந்தவள். ஊர் பாபநாசம் பக்கம். பதின்மூன்று வயதில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு ஒரு மாதம் படுத்திருந்தாளாம். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், தேறிவிட்டாள், எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1955இல் கல்யாணம். ஏழு வருஷம் பிள்ளை இல்லை. திருக்கருகாவூர் பக்கத்திலேயே இருக்கிறதே, கர்ப்பரட்சாம்பிகை நெய் எத்தனையோ மண்டலம் சாப்பிட்டாள். ராமேஸ்வரம் போனாள். அரசமரத்தில் தொட்டில் கட்டினாள். 1962இல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கருப்பையைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தினமும் ஊசி. "சத்து ஊசி" என்று அவளிடம் சொன்னார்கள்.

ஊசி முடியும் சமயம் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, நடை தள்ளாடியது, காது மந்தமானது. நான் சிறுமியாக இருந்தபோது அவள் எங்களுக்குச் "செவிட்டு அத்தை". கத்திப் பேசினால்தான் கேட்கும். மாமா 1965இல் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். இந்து திருமணச் சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. சட்டம் எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை போலிருக்கிறது! அத்தை தாத்தா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். வீட்டில் சீமந்தம், தொட்டில் போடுவது என்று எது நடந்தாலும் அவள் கொல்லைப்பக்கம் பாத்திரத்தோடு போய்விடுவாள். யாரும் போகச் சொல்ல வேண்டியதே இல்லை. 1999இல் இறந்துபோனாள்.

சென்ற வருஷம் ஊர் வீட்டை விற்றபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கோவில் அர்ச்சனை ரசீதுகள் ஒரு கட்டு. அதற்குள் எட்டாக மடித்த ஒரு காகிதம். பரிசோதனைக்கூட அறிக்கை, ஆங்கிலத்தில் இரண்டே வரி: கருப்பையின் உள்வரிச் சவ்வில் காசநோய் முடிச்சுகள் காணப்படுகின்றன.

அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "தெரியும். தாத்தா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். இன்னும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நின்னுது. க்ஷயரோகம் இருக்கற வீடுன்னா எவன் வருவான்?"

அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தை முப்பத்தேழு வருஷம் பத்திரமாக வைத்திருந்தாள்.

காசநோய் வீடு என்ற பெயரைவிட மலடி என்ற பெயர் பரவாயில்லை என்று தாத்தா கணக்குப் போட்டிருக்கிறார். முதல் பெயர் வீட்டுக்கு வரும், இரண்டாவது ஒருத்தியோடு போய்விடும். அந்தக் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த நோயின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

*

சாபத்திலிருந்து தொடங்கலாம். இங்கே குஜராத்தில் சோமநாதர் கோவிலுக்குப் போனவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். தட்சன் தன் 27 பெண்களையும் சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்தான். சந்திரனோ ரோகிணியிடமே கிடந்தான். கோபத்தில் தட்சன் "க்ஷயம் பிடித்துத் தேய்ந்து போ" என்று சபித்தான். பிரபாச தீர்த்தத்தில் சிவனை வழிபட்டுச் சந்திரன் பாதி விமோசனம் பெற்றான், அதனால்தான் தேய்ந்து வளர்கிறான். நம் ஊர்த் திங்களூரிலும் சந்திரன்தான். சரக சம்ஹிதையில் ராஜயக்ஷ்மா பற்றிய அத்தியாயமே இந்தக் கதையோடுதான் வருகிறது. ஆக, நோயென்றால் அதற்குப் பின்னால் ஒரு குற்றம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு ரொம்பப் பழசு.

இனி இத்தாலிக்குப் போவோம். பதுவா நகரத்தில் உடற்கூறு கற்பித்த கேப்ரியேல் ஃபலோப்பியோ 1561இல் வெளியிட்ட புத்தகத்தில் கருப்பையின் இரு பக்கமும் இருக்கும் குழாய்களை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் ஃபலோப்பியன் குழாய் என்கிறோம். சினைப்பையிலிருந்து வரும் கருமுட்டை இதற்குள்தான் விந்தணுவைச் சந்திக்க வேண்டும். சில இடங்களில் உள்வழி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அத்தையின் வாழ்க்கை அடைபட்டது அந்த இடத்தில்தான்.

அதே பதுவாவில் பின்னால் பேராசிரியராக இருந்தவர் மார்கானி. 1744இல், வயிற்றில் காசநோய் கண்டு இறந்துபோன 20 வயதுப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது கருப்பையும் குழாய்களும் பாலாடைக்கட்டி போன்ற பொருளால் நிறைந்திருப்பதைக் கண்டார். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பில் காசநோய் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். எழுநூறு பிணப் பரிசோதனைகளைத் தொகுத்த அவரது பெரிய நூல் 1761இல், அவருடைய 79ஆவது வயதில் வந்தது. ஃபலோப்பியோவின் புத்தகத்துக்குச் சரியாக 200 வருஷம் கழித்து!

ஆக, கர்ப்பப்பையில் டி.பி. வருமா என்ற அக்காவின் கேள்விக்கு 1744லேயே பதில் இருந்திருக்கிறது. ஆனால் எதனால் வருகிறது என்று அப்போது தெரியாது. அதற்கு 1882 மார்ச் 24 வர வேண்டியிருந்தது. பெர்லினில் ராபர்ட் கோக் அந்த மாலை கிருமியை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்த நோயால் சாகிறார் என்றும் சொன்னார். மார்ச் 24ஐ உலகக் காசநோய் தினம் என்று கொண்டாடுவது இதற்காகத்தான். கிருமி என்று தெரிந்த பிறகு சாபத்துக்கு வேலை இல்லை. ஆனால் சாபம் அவ்வளவு சுலபத்தில் வேலையை விடுகிறதா?

*

கிருமி அங்கே எப்படிப் போகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் சின்ன வயதில், யாரோ இருமிய காற்றோடு நுரையீரலுக்குள் நுழைகிறது. உடம்பு அதை அடக்கி வைக்கிறது. அதற்கு முன்பே ரத்தத்தின் வழியாகச் சில கிருமிகள் வேறு இடங்களுக்குப் போய்ப் படுத்துக்கொள்கின்றன. எலும்பு, நிணநீர்க் கட்டி, சிறுநீரகம் போல ஃபலோப்பியன் குழாயும் ஒரு இடம். வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து குழாயை உள்ளிருந்து அரிக்கிறது. தழும்பு விழுகிறது, குழாய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கருப்பையின் உள்வரிச் சவ்வுக்கு இறங்குகிறது.

ஸ்பெயினில் 31 வருஷ காலத்தில் சேர்ந்த 1,436 பெண்களின் திசுக்களை ஆராய்ந்து 1979இல் ஒரு கட்டுரை வந்தது. அத்தனை பேருக்கும் குழாயில் பாதிப்பு. கருப்பையின் உள்வரி பாதிக்கப்பட்டது 79 சதவிகிதம் பேருக்கு.

பல பெண்களுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்கு மாதவிலக்கு குறையும் அல்லது நின்றுபோகும், சிலருக்கு அடிவயிற்றில் வலி. குழந்தை இல்லை என்று போய்ப் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் தெரிய வருகிறது. நடத்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரம்பரையாகவும் வராது. மூச்சு விடுகிற யாருக்கும் வரலாம். அத்தையின் நெஞ்சில் பதின்மூன்று வயதில் கோத்த நீரை இப்போது நினைத்துப் பாருங்கள்.

உயிரோடிருக்கும் பெண்ணின் குழாய் அடைத்திருக்கிறதா என்று வயிற்றைத் திறக்காமல் பார்க்க வழி கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். நியூயார்க்கின் ஐசிடோர் ரூபின் 1914இல் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். 1920இல் வாயுவைச் செலுத்திப் பார்க்கும் சோதனையை வெளியிட்டார். அதன் பிறகு எக்ஸ்ரே படங்களில் காசநோய் தாக்கிய குழாய்களுக்கு டாக்டர்கள் பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். மணி கோத்த மாதிரி, ஈயக்குழாய் மாதிரி, புகையிலைப் பை மாதிரி! கடைசிப் பெயரைப் படித்தபோது அத்தை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் ஞாபகம் வந்தது.

இதெல்லாம் ஏழை நாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயின் கணக்கைச் சொல்லிவிட்டேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சதர்லேண்ட் என்ற டாக்டர் முப்பது வருஷத்தில் 700க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய்க்காகவே வைத்தியம் பார்த்தார். வீடு, சாப்பாடு, பால் காய்ச்சும் முறை, மருந்து எல்லாம் சேர்ந்து அங்கே நோயை விரட்டின. ஸ்வீடன் முழுக்க 47 மருத்துவமனைகளில் 1968 முதல் 1977 வரை பத்து வருஷத்தில் புதிதாகக் கண்டவர்கள் 187 பேர்தான்.

*

மருந்து வந்த கதை சுவாரசியமானது. 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் லேபில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். (நோபல் பரிசு 1952இல் வாக்ஸ்மனுக்கு மட்டும். ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போனது தனிக் கதை.) ஸ்வீடனில் லேமன் பாஸ் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் பிரட்டும். 1952இல் ஐசோநியாசிட் வந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அத்தை காலத்து வைத்தியம்.

ஸ்ட்ரெப்டோமைசின் உட்காதைத் தாக்கும். தலைச்சுற்றல், தள்ளாட்டம், காது மந்தம் எல்லாம் அதன் தெரிந்த பக்கவிளைவுகள். மருந்துக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவள் நான். ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்க்கும் வரை செவிட்டு அத்தையோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை.

ரிஃபாம்பிசின் வந்த பிறகுதான் காலம் குறைந்தது. 1957இல் பிரான்ஸ் கடற்கரை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரில் தொடங்கி மிலன் நகர லேபில் 1960களில் உருவானது. பெயர் 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுத் திருட்டுப் படத்திலிருந்து வந்தது! ஒன்றரை, இரண்டு வருஷம் என்று இழுத்த வைத்தியம் ஆறு மாதமானது. பெண்ணுறுப்புக் காசநோய்க்கும் ஆறு மாதம் போதும் என்று 2016இல் வந்த இந்திய வழிகாட்டி நெறிமுறை சொல்கிறது. ஆறு மாதத்தையும் ஒன்பது மாதத்தையும் ஒப்பிட்ட டெல்லி ஆய்வும் அதே வருஷம் வெளிவந்தது. அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

*

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. மாகாண அரசு, ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது, முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அங்கே 193 ஏழை நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் பாதிப் பேருக்குக் குடிசை வீட்டிலேயும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வந்தது. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மலைக்காற்றும் முட்டையும் பாலும் இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை உடைந்தது. உலகமே சானடோரியங்களை மூடியதற்குச் சென்னைக் குடிசைகள் ஒரு முக்கியக் காரணம். நமக்கு இதில் பெருமை உண்டு.

ஆனால் அந்த 193 பேருக்கும் நுரையீரலில்தான் நோய். அதற்குப் பிறகு நடந்ததும் அப்படியே. 1955-58 தேசியக் கணக்கெடுப்பு எக்ஸ்ரேயும் சளியும் பார்த்தது. 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தது சளிப் பரிசோதனைக்கான மைக்ராஸ்கோப். 1997இல் தொடங்கிய திருத்திய திட்டமும் சளியில் கிருமி உள்ளவரைத்தான் முதலில் தேடியது.

இதில் தப்பில்லை. சளியில் கிருமியோடு இருமும் ஒருவர், வைத்தியம் இல்லாவிட்டால் வருஷத்துக்குப் பத்துப் பேருக்காவது தொற்ற வைப்பார். அவரை முதலில் பிடிப்பதுதான் நியாயம். அத்தை மாதிரிப் பெண்களின் காசம் இருமாது, யாருக்கும் பரவாது, பெரும்பாலும் உயிரையும் எடுக்காது. அதனால் எந்தக் கணக்கிலும் வரவில்லை. குழந்தையின்மைக்காக வருகிற பெண்களில் எத்தனை பேருக்கு இது என்று கேட்டால் இந்தியாவில் 3 முதல் 16 சதவிகிதம் என்கிறார்கள். இவ்வளவு அகலமான விடை எதைக் காட்டுகிறது? ஒழுங்காக எண்ணியதே இல்லை என்பதைத்தான்.

அரசாங்கம் எண்ணவில்லை, வீட்டில் சொல்லவில்லை. நடுவில் ஊர் ஒரு பெயர் வைத்துவிட்டது.

*

இப்போது எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கிறது. அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி, காசு பிடுங்குகிறார்களா என்பது, முழுக்கத் தப்பான கேள்வி இல்லை.

இந்த நோயைச் சோதனையில் பிடிப்பது கஷ்டம். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லிலிட்டரில் கிட்டத்தட்ட 10,000 கிருமி இருக்க வேண்டும். கருப்பைத் திசுவில் இருப்பதோ சொற்பம், மாதாமாதம் உள்வரியும் உதிர்ந்து போகிறது. நோய் இருந்தும் சோதனை இல்லை என்று சொல்லலாம். இந்த இடைவெளியில்தான் பல வருஷம் ரத்தப் பரிசோதனைகள் விற்பனையாயின. காசநோய்க்கான அந்த எதிர்ப்பொருள் சோதனைகளை நம்பக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் சொன்னது, இந்திய அரசு 2012இல் தடையே செய்தது. பி.சி.ஆர். சோதனை வந்தபோது வேறு சிக்கல். துளியூண்டு மரபணு கிடைத்தாலும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும். நோய் இல்லாதவர்களுக்கும் அப்படி வரலாம்.

மாண்டூ ஊசி தடித்தாலும் நோய் என்று அர்த்தமில்லை. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 31 சதவிகிதம் பேருக்கு உடலில் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆயுசு முழுக்க நோயாளி ஆகமாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. மருந்தை எடை போடுகிறவள். அதனால் அக்காவிடம் மருந்தைச் சாப்பிடு என்றோ நிறுத்து என்றோ சொல்லவில்லை. சில கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். எதை வைத்துக் காசநோய் என்று முடிவு செய்தார்கள்? ரத்தம் மட்டுமா, திசுவா? பயாப்ஸி அறிக்கையின் நகல் எங்கே? கல்ச்சரும் சி.பி.நாட் சோதனையும் அனுப்பினார்களா? லேப்ராஸ்கோப்பியில் பார்த்தார்களா? குழாய், கருப்பை உள்வரி இரண்டும் எந்த நிலையில் இருக்கின்றன? கடைசியாக, மகனுக்கு விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா?

கடைசிக் கேள்வியைப் படித்ததும் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் மாமாவுக்கு அந்தச் சோதனை தேவைப்படவில்லை என்பது இரண்டாம் கல்யாணத்தில் தெரிந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. மிகச் சுலபமான, மலிவான சோதனையைக் கடைசியில் வைத்துக்கொண்டு பெண்ணை மட்டும் வருஷக்கணக்கில் அலைய விடுகிறோம்.

அடுத்த வாரம் மகனும் மருமகளும் ஃபைலோடு வந்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் முடிச்சுகள் தெரிந்திருக்கின்றன, திசு அறிக்கையும் அதையே சொன்னது. மகனின் அறிக்கை சரியாக இருந்தது. ஆக, மருந்து நியாயமானதுதான். அரசு மையத்தில் பதிந்துகொள்ளச் சொன்னேன். மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு முக்கியம்: நிக்ஷய் பதிவு எண் இருந்தால் சிகிச்சையை வேறு மாநிலத்து மையத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம் என்று மாத்திரையை விட்டுவிடக்கூடாது.

"அப்ப, மாத்திரை முடிஞ்சா கொழந்த நிக்குமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். மருந்து நோயைக் குணப்படுத்தும். தழும்பு விழுந்த குழாயைத் திரும்பத் திறக்கும் என்று உறுதி இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கருத்தரித்தால் குழாயிலேயே கரு தங்கிவிடும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல், அதனால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். உள்வரி நன்றாக இருந்தால் சோதனைக்குழாய் முறை இருக்கிறது. அந்த முறையே குழாய் அடைபட்ட பெண்களுக்காக வந்ததுதானே? 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள், அவள் அம்மாவுக்குக் குழாய் அடைப்பு. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவரை நம்பாமல் விசாரணை வைத்து, இடம் மாற்றி அலைக்கழித்தார்கள். 1981இல் தற்கொலை செய்துகொண்டார். அங்கீகாரம் பின்னால்தான் கிடைத்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா எழுந்திருக்கும்போது, "உங்க அத்த அப்பறம் இன்னா ஆனாங்க?" என்றார். சொன்னேன். சத்து ஊசி, காது, மாமா, கொல்லைப்பக்கம், டிரங்குப் பெட்டி எல்லாம். அக்கா ஒன்றும் பேசவில்லை. மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை மாடிப்படியில் அக்காவின் குரல். போனில் ஊரிலிருக்கும் சம்பந்தியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். சிக்னல் அங்கேதான் கிடைக்கும், அதுவும் கத்தித்தான் பேசுவார். "டி.பி.தான் சம்பந்தி. ஆமா, டி.பி. கர்ப்பப்பையில. ஆறு மாசம் மாத்திர சாப்டா சரியாப் பூடும். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. யார் கேட்டாலும் அப்டியே சொல்லுங்க." மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். தமிழ் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எங்கள் தாத்தா ஒரு கதவையும் திறக்காமல் காப்பாற்றிய ரகசியம் அது. அத்தைக்காக யாராவது ஒரே ஒரு முறை அப்படிக் கத்தியிருக்கலாம். காது மந்தமான பிறகாவது.

மருமகளுக்கு இப்போது நாலாவது மாதம் நடக்கிறது. ஒரு குழாய் அடைத்துவிட்டது, இன்னொன்று எப்படி என்று மருந்து முடிந்த பிறகுதான் பார்ப்பார்கள். தினமும் காலையில் மாத்திரையை எண்ணிக் கொடுப்பது அக்காதான்.